செங்கல்பட்டு ஜில்லாவில் மல்லிகைச் சாகுபடி: வடிகாலும் கவாத்தும்

தோட்டக்கால் பயிர்களுள், சிறு நிலத்தில் நாள்தோறும் கைக்குப் பணம் தருவது மல்லிகையைப்போல் பிறிதொன்று அரிது. நெல்லும் நிலக்கடலையும் அறுவடையின்போது ஒருமுறை பலன் தருவன. மல்லிகையோ பங்குனி முதல் ஆனி முடிய அநேகமாய் ஒவ்வொரு நாளும் மொக்குக் கொடுக்கும். ஒருமுறை நட்டுச் செவ்வையாகப் பாதுகாத்த தோட்டம் 10 முதல் 15 வருஷம் வரை பலனளிக்கக் கூடியது. சென்னை நகரம் அண்மையில் இருப்பது இந்த ஜில்லாக் குடியானவர்களுக்குப் பெரிய அனுகூலமாகும். முன்னர்ப் பாரிமுனையை அடுத்த பத்ரியன் தெருவில் நடந்துவந்த பூ மொத்த வியாபாரத்தின் பெரும்பகுதி, 1996-ஆம் வருஷம் கோயம்பேடு மார்க்கெட் திறக்கப்பட்ட பின்னர் அங்கே மாறிற்று. விடியலில் பறித்த மொக்கை அன்று காலையிலேயே அம்மார்க்கெட்டில் சேர்ப்பிக்க இங்குள்ளவர்களால் இயலும்.

இவ்வளவு அனுகூலம் இருந்தும், மல்லிகை வைத்த பலருடைய தோட்டத்தில் இரண்டு மூன்று மழைக்காலம் கழிந்ததும் செடிகள் ஆங்காங்கே பட்டுப்போய் வெற்றிடம் விழுவதைக் காணலாம். இதற்குப் பூச்சியையும் உரத்தையும் காரணமாகச் சொல்வது வழக்கம். உண்மையான காரணம் பெரும்பாலும் வேரடியில் தேங்கிய தண்ணீரும், காலமறியாது செய்த கவாத்துமேயாம். மதுரை, இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களில் நல்ல பலன் தரும் முறையைத் தேதி மாறாமல் அப்படியே இங்கே கைக்கொள்வது நஷ்டத்துக்கு இடமாகும். அம்முறையை இந்த ஜில்லாவின் மழைக்கும் மண்ணுக்கும் எவ்வாறு இசையச் செய்துகொள்வது என்பது கீழே விவரிக்கப்படுகிறது.

செடிக்கு ஓய்வு வேண்டுவதேன்?

செடிகளுள் சில ஆண்டுதோறும் ஒரு பருவத்தில் தம் இலை முழுவதையும் தாமே உதிர்த்துவிட்டு ஓய்ந்திருந்து, பின்னர்த் துளிர்த்துப் பூக்கும். வீட்டுக் கொல்லையில் வளரும் பவழமல்லி இவ்வகையைச் சேர்ந்தது. வறட்சிக் காலத்தில் அது இலையுதிர்த்து நிற்பதையும், மழை கண்டு தழைத்து, ஆவணிக்குமேல் இரவில் மலர்ந்து விடியலில் பூச்சொரிவதையும் யாவரும் கண்டிருப்பர். மல்லிகையும் பவழமல்லியும் தாவர சாஸ்திரப்படி ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் குண்டுமல்லி தானாக முழுதும் இலையுதிர்ப்பதன்று. ஈரம் உள்ளமட்டும் பழைய இலையோடும் பழைய குச்சியோடும் நின்றுகொண்டிருக்கும். அதில் பூ உண்டாவதோ புதிதாகக் கிளைக்கும் துளிரின் நுனியிலேயாம். ஆகையால் துளிர் எவ்வளவு மிகுமோ அவ்வளவுக்கு மொக்கும் மிகும்.

பவழமல்லிக்கு இயற்கையே கொடுக்கும் ஓய்வைக் குண்டுமல்லிக்குக் குடியானவன் கொடுக்கவேண்டும். தண்ணீரை நிறுத்தி, பழுத்த இலையை உதிரச் செய்து, குச்சிகளை வெட்டிச் செடியைச் சில வாரம் ஓய்ந்திருக்க விடுவதே அவ்வோய்வு. அதன் பின்னர் எருவும் தண்ணீரும் கிடைத்ததும் செடி ஒருங்கே துளிர்த்து, ஒருங்கே பூக்கத் தொடங்கும். ஓய்வு கொடாத செடி ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்பினும், அங்கொன்றும் இங்கொன்றுமாகவே மொக்கு வைக்கும்.

மழைக்காலமும் கவாத்துக் காலமும்

குண்டுமல்லியை நவம்பர் மாதக் கடைசி வாரத்தில் கவாத்துச் செய்ய வேண்டுமென்பது கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரின் பொதுவான சிபார்சு. மழை குறைந்த ஜில்லாக்களுக்கு இது மிகப் பொருத்தமானதே. 2019-ஆம் வருஷம் நவம்பர் மாதம் காஞ்சிபுரத்தினின்று பிரிந்து தனி ஜில்லாவான செங்கல்பட்டிலோ வருஷத்தில் ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் முடிய வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பது. அதாவது, வறட்சியில் ஓய்ந்திருக்கவேண்டிய செடி இங்கே வருஷத்தின் பெருமழையில் நனைந்துகொண்டிருக்கிறது.

புயல்களின் தேதிகளைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். 2015-ஆம் வருஷம் டிசம்பர் 1, 2 தேதிகளில் பெருவெள்ளம் உண்டாயிற்று. தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. 2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னைக்கு அருகே கரை கடந்தது. 2020-ஆம் வருஷம் நவம்பர் 25-ஆம் தேதி இரவு நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறிற்று. 2022-ஆம் வருஷம் டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகிலேயே கரையைக் கடந்தது. 2023-ஆம் வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலும், 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயலும் இப்பகுதிக்குப் பெருமழை கொணர்ந்தன. இவை யாவும் கவாத்துக்குச் சொல்லப்பட்ட வாரத்திலோ, அதையடுத்த இரண்டொரு வாரத்திலோ வந்தவை. புதிதாக வெட்டிய காயத்தோடு நிற்கும் செடியின் வேரடியில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுவிட இடமின்றி அழுகும். வெட்டுவாய் வழியாகக் குச்சியும் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து வரும். பத்து வருஷம் பலன் தரவேண்டிய தோட்டம் ஒரு வாரத்தில் பாழாவது இவ்வாறே.

எனவே இந்த ஜில்லாவில் முதலாவது வேலை வடிகால், இரண்டாவதே கவாத்து என்று கொள்ளவேண்டும். கவாத்தின் நாளைப் பஞ்சாங்கம் பார்த்து நிச்சயிப்பதைவிட மண்ணின் ஈரம் பார்த்து நிச்சயிப்பதே பாதுகாப்பானது.

நிலம் தெரிந்தெடுத்தல்

செங்கல்பட்டு ஜில்லாவின் நிலங்களை மல்லிகையைப் பொறுத்தமட்டில் மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, மேட்டுப்பாங்கான செம்மண் தோட்டக்கால். தண்ணீர் எளிதில் வடியும் இந்நிலம் யாவற்றிலும் சிறந்தது. இரண்டாவது, மாமல்லபுரம் முதல் பாலாற்று முகத்துவாரம் வரையுள்ள கடற்கரை மணற்பாங்கு. இங்கே மேல்தண்ணீர் தேங்குவதில்லை. ஆயினும் எரு நிலைப்பதில்லை என்பதும், கிணற்றில் உப்பேறக்கூடும் என்பதும் குறைகளாம். மூன்றாவது, ஏரிப் பாசனத்துக்குட்பட்ட களிமண் நஞ்சை. மதுராந்தகம் ஏரி முதலிய பெரிய ஏரிகளும் எண்ணற்ற சிற்றேரிகளும் உள்ள இந்த ஜில்லாவில் இத்தகைய நிலமே மிகுதி. ஏரி நிறைந்திருக்கும் காலத்தில் அதன் கீழுள்ள வயல்களில் ஊற்று மேலெழும்பி நிற்குமாதலால், இந்நிலத்தில் குண்டுமல்லி வைப்பது உசிதமன்று.

நஞ்சை தவிர வேறு நிலமில்லாதவர்கள் மிக மேடான பகுதியை ஒதுக்கி, முல்லையைச் சிறிய அளவில் வைத்துப் பார்க்கலாம். முல்லைக்குக் கவாத்துக் காலம் ஜனவரி மாதக் கடைசி வாரம். அதற்குள் பருவமழை ஓய்ந்துவிடும். பிச்சி என்னும் ஜாதிமல்லிக்கு டிசம்பர் மாதக் கடைசி வாரம். மூவகையும் ஒரே குலத்தைச் சேர்ந்தவையாயினும் கவாத்துக் காலத்தில் மாதக்கணக்கில் வேற்றுமை இருப்பதை அறிந்து நிலத்துக்கேற்றதைத் தெரிந்தெடுப்பது விவேகம். முல்லையில் பரிமுல்லை, கோ 1, கோ 2 என்பனவும், பிச்சியில் கோ 1, கோ 2 என்பனவும் மேற்படி பல்கலைக்கழகத்தாரால் வெளியிடப்பட்ட ரகங்கள். எந்த ரகமாயினும் தேங்கிய தண்ணீரைத் தாங்குவதன்று. வடிகால் யாவற்றுக்கும் பொது.

வடிகால் அமைத்தல்

நடுவதற்கு முந்திய கோடையிலேயே வடிகால் அமைத்துவிட வேண்டும். நிலத்தைச் சுற்றிலும் ஒன்றரை அடி ஆழமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள வாய்க்கால் எடுத்து, அதை ஓடைக்கோ ஊர் வடிகாலுக்கோ சரிவாக இணைக்கவேண்டும். நிலம் அரை ஏக்கருக்கு மேற்பட்டிருந்தால் நடுவிலும் ஒரு வாய்க்கால் அவசியம். எடுத்த மண்ணை உட்புறம் போட்டுப் பாத்தியை அரை அடி முதல் ஓரடி வரை உயர்த்திக் கொண்டால், அப்பாத்தியின்மேல் நட்ட செடியின் வேர் எந்த மழையிலும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும்.

வாய்க்கால் எடுத்துவிட்டால் மட்டும் போதாது. புரட்டாசி மாதக் கடைசியில் அதைத் தூர்வாரிக் களைகளை நீக்கி, போக்குமுகம் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வடிகால் வேலை செய்கிறதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. முதல் பெருமழை பெய்த மறுநாள் தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுக்க வேண்டும். ஓரிரவு கழிந்தும் அதில் தண்ணீர் நின்றால் வாய்க்காலை இன்னும் ஆழப்படுத்துவது அவசியம்.

நடவு

குண்டுமல்லியில் விதை உண்டாவது அரிது. ஆகையால் குச்சியிலிருந்தும் பதியனிலிருந்துமே நாற்று உண்டாக்கப்படுகிறது. மூன்று நான்கு கணுவுள்ள, மிக முற்றாத குச்சிகளை மணலில் ஊன்றி நிழலில் வேர்விடச் செய்வது வழக்கம். இராமநாதபுரம் ஜில்லாவில் பாம்பன் தீவிலுள்ள தங்கச்சிமடம் மல்லிகை நாற்றுக்குப் பேர்போனது. அங்கிருந்து வெளியூர்களுக்கும் நாற்று அனுப்பப்படுகிறது. அத்தீவும் கடற்கரை மணல் நிலமே என்பதைக் கவனித்தால், மாமல்லபுரம் கரையோர மணலிலும் மல்லிகை வளர்க்க முடியுமென்பது விளங்கும். இராமநாதபுரம் குண்டுமல்லி, ஒற்றை மொக்கு, இரட்டை மொக்கு என்னும் வகைகள் பயிரிடத்தக்கவை. மாலை கட்டுவோர் விரும்புவது பருத்த மொக்கும் நீண்ட காம்பும் உடைய வகையையே.

ஜூன் முதல் நவம்பர் வரை நடலாமென்பது பொது விதி. இந்த ஜில்லாவில் ஆனி, ஆடி மாதங்களிலேயே நட்டுவிடுதல் நலம். அவ்வாறு நட்டால் ஐப்பசிப் பெருமழைக்குமுன் செடி வேர் ஊன்றிக்கொள்ளும். ஐப்பசியில் நட்ட இளஞ்செடியோ சேற்றில் அழுகக்கூடும். ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழிகளை ஒரு மாதம் முன்னதாக எடுத்து வெயிலில் ஆறவிட்டு, குழிக்கு 10 கிலோ மக்கிய தொழு எருவை மேல்மண்ணோடு கலந்து நிரப்பவேண்டும். செடிக்குச் செடியும் வரிசைக்கு வரிசையும் 1.25 மீட்டர், அதாவது ஏறக்குறைய 4 அடி, இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 2,500 செடிகள் கொள்ளும். நட்ட ஆறு மாதத்தில் சில மொக்குக் காணினும், முழுப்பலன் மூன்றாம் வருஷத்திலிருந்தே கிடைக்கும்.

கவாத்துச் செய்யும் முறை

செம்மண் மேட்டிலும் கடற்கரை மணலிலும், நவம்பர்க் கடைசியில் நாலைந்து நாள் வானம் வெளுத்து மண் உலர்ந்திருந்தால், அப்போதே கவாத்துச் செய்யலாம். மழை நிற்காவிடில் அவசரப்படாமல் மார்கழி நடுவிலிருந்து தை முதல் வாரத்துக்குள் செய்வது நல்லது. மண்ணின் பக்குவத்தை அறிவதற்குச் செடியடியில் ஒரு சாண் ஆழத்திலிருந்து கைப்பிடி மண் எடுத்துப் பிசைந்து பார்க்கவேண்டும். மண் கையில் ஒட்டிக்கொண்டாலோ ஈரம் கசிந்தாலோ கவாத்துக்கு நாளாகவில்லை. பிடித்த உருண்டை விரல் பட்டதும் உதிர்ந்தால் பக்குவம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். மணல் நிலத்தில் மேற்சொன்ன குழிச் சோதனையே போதும்.

பக்குவம் வந்ததும் தண்ணீர் கட்டாமல் பத்து நாள் விட்டு வைத்தால் பழைய இலைகள் மஞ்சளித்து உதிரத் தொடங்கும். அப்போது கூரான கவாத்துக் கத்தரியால் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 20 அங்குலம், உயரத்தில் குச்சிகளை வெட்டவேண்டும். மொண்ணைக் கத்தியால் வெட்டினால் குச்சி பிளந்து அழுகலுக்கு வழியாகும். பட்ட குச்சி, நோய் கண்ட குச்சி, உட்புறம் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்ட மெல்லிய குச்சி ஆகியவற்றை அடியோடு நீக்குவது அவசியம். எஞ்சிய இலையையும் கையால் உருவிவிடலாம். பருமனான வெட்டுவாய்களில் காப்பர் ஆக்ஸிகுளோரைடைக் குழம்பாகக் கரைத்துத் தடவுதல் நன்று. வெட்டிய குப்பையைத் தோட்டத்திலேயே போட்டு வைக்காமல் அப்புறப்படுத்தவேண்டும். பின்னர்ச் செடியடி மண்ணைக் களைக்கொட்டால் கொத்திக் கிளறி ஒரு வாரம் வெயிலில் காயவிட்டால், மண்ணில் பதுங்கியிருக்கும் பூச்சியின் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து அழியும்.

கவாத்துச் செய்த செடி துளிர்த்து மொக்குக் காண இரண்டு முதல் மூன்று மாதம் ஆகும். தையில் வெட்டிய தோட்டம் சித்திரையில் பூக்கத் தொடங்குமாதலால், பங்குனிப் பூ சிறிது குறைவது உண்மையே. ஆனால் சில வாரப் பூவைக் காப்பதற்காகச் செடியையே இழப்பது லாபகரமன்று. ஒரு ஏக்கருக்குமேல் வைத்திருப்பவர்கள் தோட்டத்தை மூன்று பங்காக்கி, மேடான பங்கை முதலிலும், தாழ்வான பங்கைக் கடைசியிலுமாகப் பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் கவாத்துச் செய்யலாம். இதனால் மழைக்குப் பயந்து தோட்டம் முழுவதையும் பணயம் வைக்கவேண்டியதில்லை. மொக்குப் பறிக்கும் ஆட்களுக்கும் வேலை ஒரே சமயத்தில் குவியாமல் பரவி நிற்கும்.

மார்கழிப் பூவின் ஆசை

குளிர்காலத்தில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை ஏறும். பொங்கலையும் தை மாத முகூர்த்தங்களையும் ஒட்டிக் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுவதும் உண்டு. வைகாசியில் வரத்து மிகும்போது அதே பூ அதில் சிறு பங்கு விலைக்கே போகும். இவ்விலையைக் கண்டு சிலர், செடியில் நாலு மொக்கு இருக்கும்போது வெட்டுவானேன் என்று எண்ணிக் கவாத்தையே விட்டுவிடுகின்றனர். குளிர்ந்த இரவில் குண்டுமல்லி மிகச் சொற்பமாகவே பூக்கும். அந்தச் சொற்பப் பூவைக் கருதிக் கவாத்தைக் கைவிட்ட தோட்டம், கோடை நான்கு மாதமும் நிறைந்த பலன் தராது. குச்சிகள் மூப்படைந்து மறுவருஷமும் பலன் குன்றும். ஒரு மாதத்து உயர்ந்த விலைக்கும் நான்கு மாதத்து நிறைந்த பூவுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தால் எது லாபம் என்பது விளங்கும்.

குளிர்காலப் பூவே வேண்டுமென்போர் அதற்கென்று வேறு செடி வைப்பதே முறை. கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டுள்ள நட்சத்திர மல்லிகை கோ 1 என்னும் ரகம் ஆண்டு முழுவதும் பூக்கும் இயல்புடையது. தோட்டத்தின் ஒரு மூலையில் பத்து சென்டில் இதை வைத்தால், குண்டுமல்லி ஓய்ந்திருக்கும் காலத்திலும் கொஞ்சம் வருமானம் உண்டு.

எரு

செடி ஒன்றுக்கு வருஷத்துக்கு 10 கிலோ தொழு எருவும், 60 கிராம் தழைச்சத்தும், 120 கிராம் மணிச்சத்தும், 120 கிராம் சாம்பல்சத்தும் சிபார்சு செய்யப்பட்டுள்ளன. இது ஏறக்குறைய 130 கிராம் யூரியா, 750 கிராம் சூப்பர் பாஸ்பேட், 200 கிராம் மியூரியேட் ஆப் பொட்டாஷ் ஆகியவற்றுக்குச் சமம். இதில் ஒரு பாதியைக் கவாத்துக்குப் பின்னரும், மறுபாதியை ஜூன், ஜூலை மாதங்களிலும் இடவேண்டும். செடியின் தண்டையொட்டி இடாமல் ஓரடி தள்ளி வட்டமாகப் பள்ளம் எடுத்து இட்டு மண்ணால் மூடுதல் முறை. மணல் நிலத்தில் இதே அளவை நாலைந்து முறையாகப் பிரித்து இடுவது நல்லது. பெருமழைக் காலத்தில் இடும் உரம் வடிகால் வழியே போய்விடுமாகையால் ஐப்பசி, கார்த்திகையில் உரமிடலாகாது.

கடற்கரைக் கிணறுகள்

கடலோர மணலில் நல்ல தண்ணீர் ஓர் ஏடுபோல் உப்புத்தண்ணீரின்மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகக் குழாய் இறக்கி மோட்டாரை நெடுநேரம் ஓட்டினால் அந்த ஏடு மெலிந்து, கீழிருந்து உப்பு மேலேறும். ஒருமுறை உப்பேறிய கிணறு மீண்டும் தெளியப் பல மழை வேண்டும். ஆகையால் இங்கே ஆழமற்ற கிணறும், சிறிது சிறிதாக இறைத்தலும், சொட்டு நீர்ப் பாசனமுமே தக்கவை. கடலுக்கு இணையாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாயின் தண்ணீர் கடலோடு கலந்து உவர்ப்பாவதால் அதை மல்லிகைக்குப் பாய்ச்சலாகாது.

இலை நுனி தீய்ந்து கருகுவது உப்பின் முதல் அடையாளம். இலை நரம்பு பச்சையாயிருக்க மற்ற பாகம் மஞ்சளித்தால் இரும்புச்சத்துக் குறைவு என்றறிந்து, லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்துப் பதினைந்து நாளுக்கொருமுறை பச்சை திரும்பும்வரை தெளிக்கவேண்டும். கடற்காற்று நேராகத் தாக்கும் இடங்களில் கிழக்கெல்லையில் சவுக்கு வரிசை வைத்தால் உப்புக்காற்றின் வேகம் தணியும். அதன் வேர் மல்லிகையின் எருவைத் தின்னாதபடி நடுவே ஒரு வாய்க்கால் இருக்கட்டும்.

பூச்சியும் நோயும்

மொக்குப்புழு இளம் மொக்கைத் துளைத்து உள்ளே தின்னும். அம்மொக்கு நிறம் மாறி உதிரும். மொக்கு ஈயின் புழு இருந்தால் மொக்கின் அடி வீங்கி ஊதா நிறமாகிக் காயும். தாக்குண்ட மொக்கைப் பறித்து அழித்தல், செடியடி மண்ணைக் கிளறி விடுதல், வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தல் ஆகியவை முதலில் செய்யத்தக்கவை. இடித்த வேப்பம்பருப்பு 5 கிலோவை இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி 100 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைத்து மாலையில் தெளிக்கவேண்டும். கோடையில் இலையடியில் காணும் செஞ்சிலந்திக்கு நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் போதுமானது. மணற்பாங்கில் வேரில் முடிச்சு உண்டாக்கும் நூற்புழுவுக்கு வேப்பம்பிண்ணாக்கு இடுதலும், வரிசைகளுக்கிடையே செண்டுமல்லி வைத்தலும் உதவி செய்யும்.

வேரழுகல் கண்ட செடியில் அடி இலைகள் முதலில் மஞ்சளிக்கும், வேர் கறுத்திருக்கும். உடனே வடிகாலைச் சீர்செய்து, காப்பர் ஆக்ஸிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கரைத்து அச்செடியடியிலும் அடுத்த செடிகளின் அடியிலும் ஊற்றவேண்டும். தண்ணீர் நின்றுகொண்டிருக்கையில் மருந்து மட்டும் ஊற்றுவதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

பறித்தலும் விற்பனையும்

முதிர்ந்து வெளுத்து, ஆனால் விரியாத மொக்கை வெயில் ஏறுமுன் பறிக்கவேண்டும். ஒரு கிலோவில் பல ஆயிரம் மொக்குகள் இருக்குமாதலால் ஆள் கூலியே இப்பயிரின் பெருஞ்செலவு. வீட்டார் தாமே பறிக்கக்கூடிய அளவுக்கு 20 அல்லது 25 சென்டில் தொடங்கி, அனுபவமும் ஆளும் சேர்ந்தபின் பெருக்குவது விவேகம். நன்கு பராமரித்த தோட்டத்தில் ஏக்கருக்கு வருஷத்தில் ஏறக்குறைய 3,500 கிலோ வரை மொக்கு எதிர்பார்க்கலாம். மதுரை மல்லி 2013-ஆம் வருஷம் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயருக்கு மார்க்கெட்டில் மதிப்பு உண்டு. செங்கல்பட்டு மொக்கோ பறித்த சில மணி நேரத்தில் சென்னையை அடையும் புதுமையால் மதிப்புப் பெறவேண்டியது. ஆகையால் நேரந்தவறாமை இங்குள்ளவர்களுக்கு மிக முக்கியம்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியவை

ஒரு குடியானவன் தன் நிலத்தைச் சுற்றி எவ்வளவு செவ்வையாக வாய்க்கால் எடுப்பினும், ஊர் ஓடை அடைபட்டிருந்தால் அவ்வளவு தண்ணீரும் அவன் தோட்டத்துக்கே திரும்பும். ஓடைப் புறம்போக்கையும் ஏரிக் கலங்கலின் கீழ்ப்போக்கையும் ஆக்கிரமிப்பின்றி வைப்பது தனியாரால் ஆகக்கூடியதன்று. பழைய குடிமராமத்து முறை 2017-ஆம் வருஷம் சர்க்காரால் மறுபடி தொடங்கப்பட்டபோது, நீர்நிலைகளின் பராமரிப்பில் ஊராரின் பங்கு மீண்டும் வலியுறுத்தப்பட்டது. ஏரியில் தண்ணீர் சேர்வதற்கு மட்டுமன்றி, மிகுந்த தண்ணீர் வடிவதற்கும் வழிசெய்தால்தான் அப்பணி முழுமைபெறும்.

மற்றொரு காரியம் அடங்கலைச் சேர்ந்தது. 1980-ஆம் வருஷம் கர்ணம், முன்சீப் உத்தியோகங்கள் நீங்கியபின் கிராமக் கணக்குகள் கிராம நிர்வாக அலுவலர் பொறுப்பில் உள்ளன. புயல், வெள்ளத்தால் உண்டாகும் பயிர்ச்சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் நிவாரணத்துக்குரியதென்பது 2015-ஆம் வருஷத்திலிருந்து உள்ள விதி. சேதத்தைக் கணக்கிடும்போது முதலில் பார்க்கப்படுவது அடங்கல். மல்லிகை பல வருஷம் நிற்கும் பயிராதலின், பசலி தோறும் அதைப் புதிதாகப் பார்த்துப் பதியாமல், பழைய பயிரின் பெயரே தொடர்ந்து வரும்படி விட்டுவிடுதல் எளிதில் நேரக்கூடிய பிழை. நெல் என்றோ தரிசு என்றோ பதிவான நிலத்தில் மல்லிகை அழிந்துபோனதென்று காட்டுவது மிகக் கடினம். ஐப்பசிக்கு முன்னரே நிலச் சொந்தக்காரரும் கிராம நிர்வாக அலுவலரும் சேர்ந்து பயிரின் பெயரையும் பரப்பையும் சரிபார்த்துக்கொள்வது இருவருக்கும் நலம்.

மண், தண்ணீர்ப் பரிசோதனைக்கும் நாற்றுப்பற்றிய ஆலோசனைக்கும் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தையும், கட்டுப்பாக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.

மாதவாரி வேலைகள்

சித்திரை முதல் ஆனி வரை: நாள்தோறும் மொக்குப் பறித்தல், மண்ணுக்கேற்பத் தண்ணீர், செஞ்சிலந்தி, மொக்குப்புழு கவனித்தல். புது நிலத்தில் வடிகாலும் குழியும் எடுத்தல்.

ஆனி, ஆடி: இரண்டாம் பாதி உரமிடுதல், புது நடவு.

ஆவணி, புரட்டாசி: களையெடுத்தல், வாய்க்கால் தூர்வாருதல், போக்குமுகம் பார்த்தல், அடங்கல் பதிவைச் சரிபார்த்தல்.

ஐப்பசி, கார்த்திகை: உரமிடாதிருத்தல், குழிச் சோதனை, தேங்கிய தண்ணீரை அன்றன்றே வடித்தல். மேட்டு நிலத்தில் மட்டும், வானம் வெளுத்து மண் உலர்ந்தால், கார்த்திகை நடுவில் கவாத்து.

மார்கழி, தை: ஏனைய நிலங்களில் மண் பக்குவம் பார்த்துக் கவாத்து, குப்பை நீக்கி மண் கிளறுதல், ஒரு வாரம் கழித்து எருவும் முதற் பாதி உரமும் இட்டுத் தண்ணீர் விடுதல். முல்லைக்குத் தை நடுவில் கவாத்து.

மாசி, பங்குனி: துளிர் கவனித்தல், முறை தவறாது தண்ணீர், முதல் மொக்கு.

இவற்றுள் பணச்செலவு மிகுந்த வேலை எதுவுமில்லை. மண்வெட்டியும் கவாத்துக் கத்தரியும் வேண்டிய நாளில் எடுக்கப்பட்டால், மழை மிகுந்த இந்த ஜில்லாவிலும் மல்லிகை தன் ஆயுள் முழுவதும் நின்று பலன் தரும்.